பெர்த்ராந்துக்குத் தெரியாதாம்

யூரியூபைத் திறந்தால் ஐரோப்பிய மர்மங்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. மோனலிசா ஏன் அப்படிச் சிரிக்கிறாள்? இரும்பு முகமூடிக்குள் இருந்த கைதி யார்? நாடகாசிரியர் மார்லோவை 1593 இல் குத்திக் கொன்றது சாப்பாட்டுக் காசுச் சண்டையிலா, இல்லாட்டி உளவு வேலையாலா? பின்னால் ஒரு திகில் இசை, இடையில் மூன்று விளம்பரம். நாங்களும் பார்க்கிறனாங்கள்தான், பொய் சொல்லத் தேவையில்லை. ஆனால் பார்த்து முடிய மனதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ராஜா, ராணி, ஓவியர், உளவாளி என்று எல்லாரும் பெரிய ஆட்கள். மர்மம் என்பதே பெரிய ஆட்களின் சொத்து மாதிரி.

சோதனை முடிந்த கிழமை நாங்கள் ஏழு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றியிருந்து வேறொரு மர்மத்தைப் பார்த்தோம். 1982 இல் வந்த 'மார்ட்டின் கேரின் மீள்வருகை' என்ற பிரெஞ்சுப் படம். படம் முடிய இரவு இரண்டு மணி. அதைப்பற்றிய சண்டை முடிய நாலு மணி. சண்டை ஒரே ஒரு கேள்வியில்தான்: அந்த மனிசிக்குத் தெரியுமா, தெரியாதா? பிறகு தேடித் தேடி வாசித்தோம். இந்தக் கட்டுரை அந்தச் சண்டையின் மிச்சம்.

கதை தெரியாதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம். கற்பனைக் கதை இல்லை, நீதிமன்றம் ஏறிய வழக்கு.

பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் ஆர்த்திகா என்று ஓர் ஊர். ஸ்பெயின் எல்லையோரக் கடற்கரையிலிருந்து ஒரு பாஸ்க் குடும்பம் 1527 இல் அங்கே குடிபெயர்ந்தது. ஓட்டுச் சூளை போட்டார்கள், காணி வாங்கினார்கள், கொஞ்ச வருசத்தில் ஊரில் மதிக்கப்படுகிற குடும்பம் ஆகிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெடியன்தான் மார்ட்டின் கேர். 1538 அளவில் அவனுக்கும் அதே ஊர்ப் பெண் பெர்த்ராந்துக்கும் கலியாணம் நடந்தது. பெடியனுக்கு பதின்மூன்று, பதினாலு வயது. அவள் அதைவிடவும் சின்னப் பிள்ளை. இரண்டு குடும்பத்துக்கும் லாபமான சம்பந்தம்.

எட்டு வருசம் குழந்தை இல்லை. யாரோ சூனியம் செய்துவிட்டார்கள் என்று ஊர் கதைத்தது. அவளுடைய சொந்தக்காரர் கலியாணத்தை முறித்துவிட்டு வேறு கட்டச் சொன்னார்கள். கணவன் மனைவியாக வாழவே இல்லை என்பதால் திருச்சபைச் சட்டத்தில் அதற்கு வழியும் இருந்தது. அவள் மாட்டேன் என்றுவிட்டாள். பிறகு பூசைகள் செய்வித்து, ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. கொஞ்ச நாளில், 1548 இல், தகப்பனின் தானியத்தில் கொஞ்சத்தைக் களவெடுத்தான் என்ற பழி மார்ட்டின் மேல் விழ, அவன் ஒருவரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

இங்கேதான் நாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். போனவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாது. அன்றைய கத்தோலிக்கச் சட்டப்படி, கணவன் செத்ததற்கு உறுதியான சான்று இல்லாமல் மனைவி மறுமணம் செய்ய முடியாது. எத்தனை வருசம் போனாலும் சரி. விதவைக்கு என்று சில உரிமைகள் இருந்தன, ஆனால் அவள் விதவையும் இல்லை. கணவனோடு வாழ்கிற பெண்ணுக்கு ஊரில் ஓர் இடம் இருந்தது, அதுவும் இல்லை. எட்டு வருசம் இப்படி. கணவனுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களைப் புத்தகத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறோம் என்று எங்களால் சொல்ல முடியாது. காரணங்கள் வேறு, காலம் வேறு, இரண்டையும் ஒன்றாக்க வரவில்லை. ஆனால் அந்த எட்டு வருசத்தை ஒரு வரியில் தாண்டிப் போகவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

1556 இல் 'மார்ட்டின்' திரும்பி வந்தான். ஊராரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பழைய சம்பவங்களை ஒவ்வொன்றாக நினைவூட்டினான். நாலு சகோதரிகளும் கட்டிப்பிடித்தார்கள். சித்தப்பா பியேர் ஏற்றுக்கொண்டார். பெர்த்ராந்தும் ஏற்றுக்கொண்டாள். மூன்று வருசத்துக்கு மேல் குடும்பம் நடந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து ஒன்று இறந்தது.

வந்தவன் மார்ட்டின் இல்லை. பக்கத்துப் பிரதேசத்து ஊரான சஜாஸைச் சேர்ந்த ஆர்னோ து தில். பட்டப்பெயர் 'பான்செத்'. எங்கட பேச்சில் சொன்னால் 'வண்டியன்'. மெலிந்து உயர்ந்த மார்ட்டின் கட்டையாய்த் தடித்து வந்து நின்றபோதும், வயது போனால் ஆள் தடிக்கும்தானே என்று ஊர் நினைத்தது.

பிரச்சினை காதலால் வரவில்லை, காணியால் வந்தது. புது மார்ட்டின் காணி விற்கத் தொடங்கினான். தான் இல்லாத காலத்தில் சொத்தைப் பார்த்துக்கொண்ட சித்தப்பாவிடம் கணக்குக் கேட்டான். அவர் காட்ட மறுக்க, இவன் வழக்கு வைத்தான். அதற்குப் பிறகுதான் சித்தப்பாவுக்குச் சந்தேகம் முற்றியது. நல்ல வசதியான சந்தேகம் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். 1559 இல் அந்தப் பக்கமாக வந்த ஒரு படைவீரன், உண்மையான மார்ட்டின் போரில் காலை இழந்தவன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஊர் இரண்டாகப் பிரிந்தது.

1560 இல் ரியூ என்ற ஊரில் வழக்கு நடந்தது. சுமார் நூற்றைம்பது சாட்சிகள். முப்பது நாற்பது பேர் இவன் மார்ட்டின்தான் என்றார்கள். ஏறக்குறைய அதேயளவு பேர் இல்லவே இல்லை என்றார்கள். அறுபது பேரளவில் 'சொல்லத் தெரியவில்லை' என்றார்கள். செருப்புத் தைப்பவர் வந்து, மார்ட்டினின் கால் பன்னிரண்டு அளவு, இவனுடையது ஒன்பது என்று சாட்சி சொன்னார். பாஸ்க் குடும்பத்துப் பிள்ளைக்குப் பாஸ்க் பேசத் தெரியாதது ஏன் என்று கேட்டார்கள். புகைப்படம் இல்லை, அடையாள அட்டை இல்லை, கைரேகை இல்லை. ஒரு மனிசன் யார் என்பதற்கு மற்ற மனிசரின் ஞாபகம்தான் அத்தாட்சி.

ரியூவில் மரண தண்டனை விதித்தார்கள். மேன்முறையீடு துலூஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கை ஆராயும் பொறுப்பு ஜான் த கொராஸ் என்ற நீதிபதிக்கு. பெயர் பெற்ற சட்ட அறிஞர். கைதியின் ஞாபகசக்தியைப் பார்த்து அவரே வியந்துபோனார். கலியாணமும் பிள்ளைகளும் காப்பாற்றப்பட வேண்டும் என்ற எண்ணமும் சேர, நீதிமன்றம் விடுதலையின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, யூலை மாதக் கடைசியில், மரக்காலோடு ஒருவன் துலூஸுக்கு வந்து நின்றான். பெயர் மார்ட்டின் கேர். ஸ்பெயினில் ஒரு கர்தினாலின் வீட்டில் வேலை செய்து, ஸ்பானியப் படையோடு போய், 1557 சென்-கொன்தான் சண்டையில் தன் சொந்த நாட்டுக்கு எதிராக நின்று காலைப் பறிகொடுத்தவன். பழைய விசயங்கள் சிலவற்றில் உண்மை மார்ட்டினைவிடப் பொய் மார்ட்டினுக்குத்தான் ஞாபகம் நன்றாக இருந்தது. ஆனால் சகோதரிகள் இவனைக் கண்டதும் அழுது கட்டிப்பிடித்தார்கள். வழக்கு அத்தோடு சரி.

1560 செப்டெம்பர் 12 தீர்ப்பு. 16 ஆம் தேதி ஆர்த்திகாவில் ஆர்னோவைத் தூக்கிலிட்டு உடலை எரித்தார்கள்.

இதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். மார்ட்டின் பன்னிரண்டு வருசம் குடும்பத்தைக் கைவிட்டான், எதிரிப் படையில் நின்றான். கொராஸ் அவனைக் கண்டித்தார், ஆனால் தண்டனை இல்லை. வழக்குக்காகக் கிராமத்தையே உலுக்கிய சித்தப்பாவுக்கும் தண்டனை இல்லை. பெர்த்ராந்துக்கு? பெண்கள் இலகுவில் ஏமாறக்கூடியவர்கள், ஆகவே இவளும் ஏமாந்தாள் என்று நீதிமன்றம் விடுவித்தது. ஆர்னோவுக்குப் பிறந்த பெண் பிள்ளையையும் சட்டப்படியான பிள்ளை என்றே ஏற்று, ஆர்னோவின் சொத்தை அவளுக்குக் கொடுத்தது. தாய் அறியாமல் செய்தாள் என்றால்தான் பிள்ளைக்கு அந்த உரிமை. அறிந்து செய்திருந்தால் அது விபசாரம், பிள்ளைக்கும் பழி.

இதுதான் நாங்கள் சொல்ல வந்த விசயத்தின் நடு. 'பெர்த்ராந்துக்குத் தெரியாது' என்பது கண்டுபிடிக்கப்பட்ட உண்மை இல்லை. அது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு அவளுக்கும் தேவைப்பட்டது, நீதிமன்றத்துக்கும் தேவைப்பட்டது.

1983 இல் வரலாற்றாசிரியர் நத்தலி ஸீமன் டேவிஸ் இந்த வழக்கைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். படத்துக்கு ஆலோசகராக இருந்தவரும் அவர்தான். அவருடைய வாதம்: பெர்த்ராந்துக்குத் தெரியும். வந்தவன் தன் கணவன் இல்லை என்று அறிந்தும், அவனோடு சேர்ந்து ஒரு குடும்பத்தை அவள் உருவாக்கினாள். 1988 இல் ரொபர்ட் ஃபின்லே என்ற இன்னொரு வரலாற்றாசிரியர் இதை நேரடியாக மறுத்தார். மூல நூல்கள் எல்லாம் அவள் ஏமாந்தாள் என்றுதானே சொல்கின்றன, நீங்கள் இருபதாம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியைப் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. டேவிஸ் அதற்குப் பதில் எழுதினார். வரலாறு படிக்கிற பிள்ளைகள் உலகம் முழுக்க இன்றும் இதில் பக்கம் பிரிந்து சண்டை பிடிக்கிறார்கள். எங்கள் அறையிலும் அதுதான் நடந்தது.

ஃபின்லேயின் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. எங்களுக்குப் பிடித்தமாதிரி இறந்தவர்களைக் கதைக்க வைப்பது வரலாறு இல்லை. ஆனால் அவர் 'மூல நூல்கள்' என்று சொல்வது எது? சாட்சியங்களின் பதிவுகள் இன்றைக்கு இல்லை. இருப்பதில் முக்கியமானது கொராஸ் 1561 இல் எழுதி வெளியிட்ட புத்தகம். அதாவது தீர்ப்பு எழுதியவரே எழுதிய கதை. பெர்த்ராந்த் தன் கையால் எழுதியது ஒரு வரியும் இல்லை. அவள் ஏமாந்தாள் என்று தீர்ப்பளித்த நீதிபதி, அவள் ஏமாந்தாள் என்று புத்தகத்திலும் எழுதுகிறார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அதே நேரம் டேவிஸின் பக்கம் நின்ற எங்களுக்கும் அன்று இரவு ஓர் அடி விழுந்தது. 'கட்டின மனிசிக்குப் புருசனைத் தெரியாமல் போகுமா? தொட்டாலே தெரியாதா?' என்று நாங்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுவரை மூலையில் பேசாமல் இருந்த ஒருத்தி கேட்டாள்: 'மார்ட்டினும் அதைத்தானே சொன்னவன்?' உண்மைதான். துலூஸில் பெர்த்ராந்த் நடுங்கியபடி மன்னிப்புக் கேட்டபோது மார்ட்டின் மசியவில்லை. சகோதரிகளையும் சித்தப்பாவையும் சாட்டாதே, கணவனை மனைவிதான் அறிந்திருக்க வேண்டும் என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொன்னான். அவளுக்காகக் கதைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவளைக் குற்றம் சாட்டியவனின் வாதத்தையே நாங்கள் தூக்கிவைத்திருந்தோம். கூடப் பிறந்த நாலு சகோதரிகள் மாறி எண்ணலாம், பெண்சாதி மட்டும் எண்ணக் கூடாது என்றால் அது என்ன நியாயம்? எட்டு வருசத்தில் முகம் மறக்கும். குரலும் மறக்கும். நம்ப வேண்டும் என்ற ஆசையும் கண்ணை மறைக்கும்.

ஆகவே 'முதல் இரவே அவளுக்குத் தெரிந்திருக்கும்' என்ற வாதத்தை நாங்கள் விட்டுவிட்டோம். அந்த இரவு எங்களுக்கு எட்டாது. எட்டக்கூடியது வேறொன்று: சந்தேகம் ஊர் முழுக்கப் பரவின பிறகு அவள் என்ன செய்தாள்? அது கொராஸின் புத்தகத்திலேயே இருக்கிறது.

சித்தப்பாவும் மருமக்களும் சேர்ந்து ஆர்னோவை அடித்தபோது, அவள் தன் உடம்பால் மறைத்து அவனைக் காப்பாற்றினாள். தீவைத்தான் என்ற ஒரு குற்றச்சாட்டில் அவன் துலூஸில் அடைபட்டபோது அவனுக்காக நின்றாள். வெளியே வந்தவனின் காலைக் கழுவி, வெள்ளைச் சட்டை கொடுத்து வீட்டுக்குள் எடுத்தாள். அடுத்த நாள் விடிய, அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு சித்தப்பா அவனைப் பிடித்துக் கொடுத்தார். அவள் சிறைக்கு உடுப்பும் காசும் அனுப்பினாள்.

அதே பெண்தான் வழக்கில் முறைப்பாட்டாளராகவும் நின்றாள். இதுதான் எல்லாரையும் குழப்புகிற இடம். ஒரு கையால் உடுப்பு அனுப்புகிறாள், மறு கையால் வழக்கு நடத்துகிறாள். ஆனால் அவள் எந்த வீட்டில் இருந்தாள் என்று பாருங்கள். சித்தப்பா பியேர் வெறும் மாமன் முறைக்காரர் இல்லை. பெர்த்ராந்தின் விதவைத் தாயைக் கலியாணம் முடித்தவரும் அவர்தான். வழக்கில் நில் என்று நெருக்கியவர்கள் கணவனின் சித்தப்பாவும் பெற்ற தாயும். அவர்களைப் பகைத்துவிட்டு, வழக்கிலும் தோற்றால், அவளும் பிள்ளைகளும் எங்கே போவது? வழக்கில் வென்றால் ஏமாந்த பெண். தோற்றால் கணவன் திரும்பவும் வீட்டுக்கு வருவான். எந்தப் பக்கம் விழுந்தாலும் உயிரோடு எழும்பக்கூடிய ஒரே இடத்தில் அவள் நின்றாள். அது துரோகம் என்று சொல்கிறவர்கள் அவள் இடத்தில் இருந்து ஒரு நாள் யோசித்துப் பார்க்கட்டும்.

எங்களை நித்திரை கொள்ளவிடாமல் செய்த இடம் இன்னொன்று. நீதிமன்றத்தில் நேருக்கு நேர் நிற்கும்போது ஆர்னோ அவளிடமே தன் உயிரைக் கொடுத்துவிட்டான்: நான் உன் கணவன் இல்லை என்று நீ சத்தியம் பண்ணினால் எந்தச் சாவையும் ஏற்கிறேன் என்று. வழக்கு வைத்தவள் அவள். ஒரு சத்தியத்தோடு வென்றிருக்கலாம். அவள் வாய் திறக்கவில்லை.

அவள் உண்மையிலேயே ஏமாந்தவளாக இருந்து, அப்போதுதான் உண்மை விளங்கியிருந்தால், சத்தியம் பண்ணத் தடை என்ன? அவன்தான் கணவன் என்று உறுதியாக நம்பியிருந்தால், அதைச் சொல்லத் தடை என்ன? இரண்டும் இல்லாமல் மௌனமாக நின்றவளை 'இலகுவில் ஏமாறுகிற பெண்' என்று எழுதிவைத்தது, எங்களைப் பொறுத்தவரை, அந்த மௌனத்தின் மேல் போட்ட மூடி.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. எப்போது தெரிந்தது என்று எங்களால் சொல்ல முடியாது. கடைசியில் தெரிந்தே இருந்தாள் என்று நம்புகிறோம். தெரிந்ததைச் சொல்ல அவளுக்கு ஒரு மொழி கொடுக்கப்படவில்லை. சட்டம் அவளுக்கு வைத்திருந்தது இரண்டே இரண்டு சொல்: ஏமாளி, இல்லாட்டி விபசாரி. அவள் முதலாவதை எடுத்துக்கொண்டாள். அதை எடுத்ததால் உயிர் தப்பினாள், மகளுக்குப் பெயரும் சொத்தும் மிஞ்சியது. அவமானம்தான். ஆனால் அந்த அவமானத்தைக் கவசமாகப் போட்டுக்கொண்டது அவளுடைய கெட்டித்தனம். அவளை ஒரு காதல் நாயகியாக்கிக் கைதட்டவும் நாங்கள் வரவில்லை. காதல் இருந்திருக்கலாம். அதைவிட அவளுக்கு ஒரு வீடு, ஒரு பெயர், பிள்ளைகளுக்கு ஒரு தகப்பன் தேவைப்பட்டது. அதை அற்பமாக நினைக்கிறவர்களுக்கு அவை எப்போதும் இருந்திருக்கும்.

'450 வருசத்துக்கு முதல் எவளோ ஒருத்திக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?' என்று எங்களில் ஒரு பெடியன் கடைசியில் கேட்டான். நியாயமான கேள்வி. எங்கள் பதில்: அவளைப் பற்றி நாங்கள் வாசிக்கிற விதம்தான் இன்றைக்கும் ஒரு பெண்ணின் மௌனத்தை நாங்கள் வாசிக்கிற விதம். வாயைத் திறக்காவிட்டால் ஒன்றில் அப்பாவி, இல்லாட்டி கள்ளி என்று உடனே பெயர் வைக்கிறோம். ஏன் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் யார் வாழ விட்டிருப்பார்கள் என்று கேட்பது குறைவு. பாடப்புத்தகத்தில் மறுமலர்ச்சிக்காலம் என்றால் ஓவியமும் கண்டுபிடிப்பும் கடற்பயணமும்தான். பெர்த்ராந்தும் அதே காலத்தில் வாழ்ந்தவள்தான். அவளுக்கு என்ன மறுமலர்ந்தது என்று அந்தப் புத்தகம் சொல்வதில்லை.

எழுத்தாளர் மொன்தேனுக்கும் இந்த வழக்கில் மனம் ஒப்பவில்லை. ஒருவனைத் தூக்கில் போடும் அளவுக்கு இதில் என்ன தெளிவு இருந்தது என்று கேட்டு, நூறு வருசம் கழித்து வாருங்கள் என்று வழக்காளிகளை அனுப்பிய பழைய கிரேக்க நீதிமன்றம் ஒன்றை நினைவூட்டி எழுதினார். தீர்ப்பெழுதிய கொராஸும் நல்ல சாவு சாகவில்லை. புரட்டஸ்தாந்தவாதியான அவரை 1572 இல், பிரான்ஸ் முழுக்க நடந்த மதப் படுகொலைகளின்போது, அதே துலூஸில் ஒரு கும்பல் கொன்றது.

ஆர்னோ தூக்குமேடையில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். பெர்த்ராந்தை மட்டும் காட்டிக் கொடுக்கவில்லை. அவள் மானமுள்ள பெண், அவளிடம் கடுமையாக இருக்காதே என்று மார்ட்டினைக் கேட்டுக்கொண்டு செத்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடைசிவரை காப்பாற்றினார்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. அதற்குப் பிறகும் அவள் மார்ட்டினோடுதான் வாழ்ந்தாள், பிள்ளைகளும் பிறந்தார்கள்.

அந்தத் தூக்குமரம் நாட்டப்பட்டது மார்ட்டின் கேரின் வீட்டுக்கு முன்னால் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அது பெர்த்ராந்தின் வீடும்தான். அந்த வாசலால்தான் அவள் ஒவ்வொரு நாளும் போய் வந்திருப்பாள்.